ஒளியுணரி எங்கே போய் உட்கார வேண்டும்?

போட்டோடைனமிக் சிகிச்சை, அதாவது மருந்தையும் ஒளியையும் கொண்டு புற்றுச் செல்லைக் கொல்லும் முறை, நடக்க மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்: ஒளியுணரி எனும் சாய மருந்து, அது உறிஞ்சும் நிறத்தில் ஒளி, ஆக்சிஜன். ஒளியை வாங்கிய மூலக்கூறு, கொஞ்சம் கூடுதல் நேரம் நீடிக்கும் டிரிப்லெட் என்ற கிளர்வு நிலைக்கு இறங்குகிறது. அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. அப்படிப் பிறக்கும், ஆற்றல் ஏறிய சிங்லெட் ஆக்சிஜன்தான் பெரும்பாலும் செல்லைக் கொல்கிறது. தண்ணீரில் அதன் ஆயுள் சுமார் 3.5 மைக்ரோவினாடி. புரதமும் கொழுப்பும் நெருக்கியடித்துக் கிடக்கும் செல்லுக்குள் இன்னும் குறைவு. அந்த நேரத்துக்குள் அது 100 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகர முடியும். செல்லின் குறுக்களவோ 10 முதல் 20 மைக்ரோமீட்டர்.

இந்த இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வடிவமைப்பின் முதல் விதி கிடைத்துவிடும். மருந்து கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது என்பது போதாது. எந்தச் செல்லில், செல்லின் எந்த உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. இலக்கு தேடும் ஒளியுணரிகளைப் பற்றிய ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியை மேலோட்டமாகத் தாண்டிப் போகின்றன என்பது என் கருத்து. ஃபோலேட் என்ற வைட்டமினையோ பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டையோ ஒளியுணரிச் சாயத்தில் ஒட்டி, செல் செத்ததைக் காட்டி, "இலக்கை அடைந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அது நிரூபணம் ஆகாது. ஏன் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒளி. 600 நானோமீட்டருக்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கிவிடும். 900-க்கு மேலே போகப் போகத் தண்ணீர் விழுங்க ஆரம்பிக்கும். இடையில் ஒளி ஓரளவு உள்ளே போகிறது என்பதற்காக 850, 900 என்று போய்விடவும் முடியாது. ஆக்சிஜனை சிங்லெட் நிலைக்கு ஏற்ற ஒரு மோலுக்கு 94 கிலோஜூல் வேண்டும். 800 நானோமீட்டர் போட்டானிடம் மோலுக்கு சுமார் 150 கிலோஜூல்தான் இருக்கிறது. அதில் ஒரு பங்கு டிரிப்லெட்டுக்கு இறங்கும்போதே வெப்பமாகப் போய்விடும். மிச்சம் 94-க்கு மேல் வசதியாக நிற்க வேண்டும். அதனால்தான் 600 முதல் 800 வரை என்று ஒரு ஜன்னலுக்குள் எல்லோரும் வேலை செய்கிறோம்.

இந்த ஜன்னலுக்குள் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதும் முக்கியம். போர்ஃபிமர் சோடியம் என்ற ஒளியுணரி 630 நானோமீட்டரில் இயங்குகிறது. அங்கே அதன் மோலார் உறிஞ்சு கெழு (ஒளியை எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 3000 அளவில்தான் இருக்கும். டெமோபோர்ஃபின் 652-இல் ஏறக்குறைய அதைப்போலப் பத்து மடங்கு உறிஞ்சும். மருந்தளவில் அந்த வித்தியாசம் தெரிகிறது: முன்னது உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், பின்னது 0.15 மில்லிகிராம். போர்ஃபிமர் போட்ட நோயாளி குறைந்தது 30 நாள் வெயிலையும் பிரகாசமான உள்விளக்குகளையும் தவிர்க்க வேண்டியிருக்கிறது. தோலில் தங்கும் மருந்தைக் குறைப்பதற்காகவே இலக்கு தேடும் வடிவமைப்பை எடுத்துக்கொண்டாலும் அது தகும். பாக்டீரியோகுளோரின் வகையைச் சேர்ந்த பாடெலிபோர்ஃபின் 753 நானோமீட்டர் வரை போகிறது, ரத்தக் குழாய்க்குள் இருக்கும்போதே ஒளி கொடுத்துவிடுகிறார்கள். அங்கே இலக்கு புற்றுச் செல் அல்ல, கட்டிக்குத் தீனி போடும் ரத்த நாளம்.

ஆழத்தைப் பற்றி மிகைப்படுத்த வேண்டாம். 630 நானோமீட்டரில் ஒவ்வொரு 2, 3 மில்லிமீட்டருக்கும் ஒளியின் அளவு மூன்றில் ஒரு பங்காகிக்கொண்டே போகும். மேலிருந்து அடித்தால் பயன் 5 மில்லிமீட்டர், நல்ல சூழலில் 1 சென்டிமீட்டர். அதற்குக் கீழே வேண்டுமென்றால் ஃபைபரைக் கட்டிக்குள்ளேயே செருக வேண்டும். மூலக்கூறை எவ்வளவு மெருகேற்றினாலும் இது மாறாது.

அடுத்தது சாயத்தின் கரு. ஒளிர்வாக ஆற்றலை வீணடிக்காமல் டிரிப்லெட்டுக்குத் தாவ வேண்டும், அங்கே மைக்ரோவினாடிக் கணக்கில் நிற்க வேண்டும். போர்ஃபிரின், ஃப்தலோசயனைன் வளையங்களின் நடுவில் துத்தநாகம், அலுமினியம், சிலிக்கன், பல்லேடியம் வைக்கலாம். இரும்பு, தாமிரம் வைத்தால் டிரிப்லெட் உடனே அணைந்துவிடும், சாயம் கண்ணுக்கு அழகாக இருக்கும், வேலை செய்யாது. போடிபை சாயத்தை டிரிப்லெட்டுக்கு அனுப்ப அதன் 2, 6 இடங்களில் அயோடின் வைப்பது எளிய வழி. ஆனால் அயோடின் ஏறியவுடன் மூலக்கூறு கொழுப்பை நாடும், தண்ணீரில் கரையாது. இலக்கு ஏற்பி (மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய செல் மேற்பரப்புப் புரதம்) இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எல்லாச் செல் சவ்விலும் ஒட்டிக்கொள்ளும். பல கான்ஜுகேட்டுகள் (சாயமும் இலக்குத் தேடியும் ஒட்டிய மூலக்கூறுகள்) இலக்கைத் தவறவிடுவதற்கு முதல் காரணம் இந்த ஒட்டுதல்தான்.

திரட்சி இரண்டாவது காரணம். ஃப்தலோசயனைன்கள் தட்டையானவை. தண்ணீரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அடுக்கிக்கொண்டால் சிங்லெட் ஆக்சிஜன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பானில் நிறமாலை எடுத்தால் 670 அல்லது 680-இல் ஒல்லியான, உயரமான சிகரம் வரும். அதே மாதிரியை பாஸ்பேட் பஃபரில் போட்டால் சிகரம் குட்டையாகி, 630, 640 பக்கம் ஒரு அகலமான மேடு எழும்பினால் அது திரட்சி. அரை மைக்ரோமோலாரில் ஆரம்பித்து 10 மைக்ரோமோலார் வரை ஐந்தாறு செறிவுகளில் அளந்து, உறிஞ்சல் நேர்கோட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு 10 சதவீதம் சீரம் சேர்த்து மறுபடியும் எடுங்கள். சில சாயங்கள் ரத்தப் புரதமான ஆல்புமினிலோ கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல்லிலோ ஏறிக்கொண்டு பிரிந்துவிடும், அவை பிழைத்துக்கொள்ளும். டிஎம்எஸ்ஓவில் எடுத்த குவாண்டம் விளைச்சலை (உறிஞ்சிய ஒவ்வொரு போட்டானுக்கும் எவ்வளவு சிங்லெட் ஆக்சிஜன் என்பதை) மட்டும் அட்டவணையில் போட்டுவிட்டு மருந்து தயார் என்று சொல்வது சரியல்ல, உடம்புக்குள் டிஎம்எஸ்ஓ இல்லை. சிலிக்கன் ஃப்தலோசயனைனில் வளையத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு குழுவை நிறுத்த முடியும். அவை அடுக்கிக்கொள்ளவிடாமல் தடுப்பதால் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு அதுதான்.

சிங்லெட் ஆக்சிஜனை அளப்பதிலும் ஒரு சிக்கல். டிபிபிஎஃப் என்ற பிடிப்பானை எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதன் 410 நானோமீட்டர் உறிஞ்சல் குறைவதை வைத்துக் கணக்கிடுவார்கள். அது சிங்லெட் ஆக்சிஜனுடன் மட்டுமல்ல, ரேடிக்கல்களுடனும் வினைபுரியும். போதாக்குறைக்கு நீல ஒளி பட்டால் தானாகவே சிதையும். ஆகவே விளக்குக்கு முன்னால் நீலத்தை வெட்டும் ஃபில்டர் கட்டாயம், சாயம் இல்லாத கட்டுப்பாட்டுக் குப்பியும் கட்டாயம். ஒப்பீட்டுக்கு டிஎம்எஸ்ஓவில் துத்தநாக ஃப்தலோசயனைன் வைத்துக்கொள்ளலாம், அதன் குவாண்டம் விளைச்சல் 0.67. தண்ணீரில் என்றால் ரோஸ் பெங்கால், 0.75. உண்மையிலேயே சிங்லெட் ஆக்சிஜன்தானா என்று சந்தேகம் வந்தால் 1270 நானோமீட்டரில் அதன் சொந்த ஒளிர்வைப் பார்க்க வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள் கனநீரில் செய்து பார்க்கலாம். அங்கே அதன் ஆயுள் ஏறக்குறைய இருபது மடங்கு கூடுவதால் விளைவும் தெளிவாகக் கூட வேண்டும்.

இனி இலக்கு. ஃபோலேட் ஏற்பியையே எடுத்துக்கொள்கிறேன், அதைப் பிடிக்கும் ஃபோலிக் அமிலம் மலிவான, சிறிய, எளிதாகக் கிடைக்கும் இலக்குத் தேடி. ஃபோலிக் அமிலத்தின் டெரிடின் வளையம் ஏற்பியின் பைக்குள் ஆழமாகப் புதைந்துகொள்கிறது, குளூட்டமிக் அமில வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 2013-இல் வெளியான படிகக் கட்டமைப்பில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே சாயத்தை வால் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். வாலில் ஆல்பா, காமா என்று இரண்டு கார்பாக்சில் குழுக்கள். டிசிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வினைபொருள்களைப் போட்டு முடுக்கினால் இரண்டும் கலந்து வரும், காமா கூடுதலாக இருக்கும். கலவையை அப்படியே செல்லில் போட்டுவிடாமல் எச்பிஎல்சி என்ற நிறப்பிரிகைக் கருவியில் பிரித்து, எது எது என்று தெரிந்துகொண்டு போடுவது நல்லது. ஃபோலேட்டுக்கும் சாயத்துக்கும் நடுவில் பிஇஜி என்ற, நீரை நாடும் நீண்ட சங்கிலியால் ஓர் இடைவெளி வையுங்கள். நேரடியாக ஒட்டினால் பருத்த சாயம் ஏற்பியின் வாயை அடைத்துக்கொள்ளும், போதாததற்கு டெரிடின் சாயத்தின் கிளர்வு நிலையை அணைக்கவும் செய்யலாம். ஃபோலிக் அமிலம் ஒளிக்கும் சிங்லெட் ஆக்சிஜனுக்கும் தாங்காது, சாயத்தோடு சேர்ந்த பிறகு இன்னும் மோசம். பழுப்புக் குப்பி, அலுமினியத் தாள், அறை விளக்கை அணைப்பது எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஃப்தலோசயனைனோடு வேலை என்றால் மங்கிய பச்சை விளக்கு வைத்துக்கொள்ளலாம், 500 பக்கம் அது அதிகம் உறிஞ்சுவதில்லை.

செல் சோதனையில்தான் ஃபோலேட் வேலை பெரும்பாலும் கெடுகிறது. சாதாரண ஆர்பிஎம்ஐ 1640 செல் வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, அதாவது 2.3 மைக்ரோமோலார். டிஎம்இஎம் ஊடகத்தில் அதைப்போல நான்கு மடங்கு. ஏற்பியின் பிணைப்பு வலிமையோ நானோமோலார் அளவில். கடையில் வாங்கிய ஊடகத்தில் வளர்த்த செல்லில் ஏற்பி முழுக்க ஏற்கனவே நிரம்பியிருக்கும், உங்கள் கான்ஜுகேட்டுக்கு இடமே இருக்காது. அப்படியும் செல் செத்தால், சாயம் வேறு வழியாகத்தான் நுழைந்திருக்கிறது. ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐயில் செல்களைச் சில தலைமுறைகள் பழக்கி, பிறகு சோதியுங்கள். ஏற்பி அதிகமுள்ள கேபி செல், குறைவான ஏ549 செல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதாக, 1 மில்லிமோலார் தனி ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே சேர்த்த தட்டுக் குழி ஒன்று. அங்கே சாயம் உள்ளே போவது பாதிக்குமேல் குறையாவிட்டால், அது ஏற்பி வழிப் பயணம் இல்லை, எண்ணெய்ப் பசை ஒட்டுதல்.

ஆன்டிபாடி வழி வேறு மாதிரி. செட்டுக்சிமாப் சரோடலோகான் என்ற மருந்து 2020 செப்டம்பரில் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. தலை, கழுத்துப் புற்றில் மிகுதியாக இருக்கும் இஜிஎஃப்ஆர் ஏற்பியைத் தேடிப்போகும் ஆன்டிபாடியில் ஐஆர்700 என்ற சிலிக்கன் ஃப்தலோசயனைன் சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது. மருந்து ஏற்றி 20 முதல் 28 மணி நேரம் கழித்து 690 நானோமீட்டர் ஒளி. இது கொல்லும் முறையும் வித்தியாசமானது. ஒளி பட்டதும் சிலிக்கனைப் பிடித்திருக்கும் இரு பக்கக் குழுக்களும் அறுந்து விழுகின்றன. தண்ணீரை நாடிய மூலக்கூறு சட்டென்று நீர்வெறுப்பியாக மாறித் திரள்கிறது, அந்த இழுப்பில் செல் சவ்வு கிழிகிறது. செல்லுக்குள் நுழையவே வேண்டாம், மேலே ஒட்டியிருந்தால் போதும்.

ஆய்வகத்தில் இதைப்போல ஒன்று செய்வதென்றால் அளவுகள் ஏறக்குறைய இப்படி: 1 மில்லிகிராம் ஆன்டிபாடி, அதாவது 6.8 நானோமோல். அதற்கு ஐந்து மடங்கு, சுமார் 34 நானோமோல் ஐஆர்700-இன் என்எச்எஸ் எஸ்டர் (புரதத்தின் அமீன்களோடு இணையும் வடிவம்), டிஎம்எஸ்ஓவில் கரைத்து. 0.1 மோலார் டைசோடியம் பாஸ்பேட், பிஎச் 8.5. இருட்டில், அறை வெப்பத்தில் 1 மணி நேரம். பிறகு மூலக்கூறுகளை அளவால் பிரிக்கும் செஃபாடெக்ஸ் பத்தியில் (குழாயில்) ஓடவிட்டுத் தனிச் சாயத்தை நீக்க வேண்டும். ஓர் ஆன்டிபாடிக்கு 2 முதல் 4 சாயம் ஏறினால் சரி. அதற்குமேல் ஏற்றினால் பிணைப்பு கெடும், கல்லீரல் அவசரமாகப் பிடித்துக்கொள்ளும். விகிதத்தைக் கணக்கிட 689-இல் உள்ள உறிஞ்சலைச் சுமார் 1,65,000-ஆல் வகுங்கள், புரதத்துக்கு 280-ஐ எடுக்கும்போது அங்கே சாயமும் கொஞ்சம் உறிஞ்சுவதைக் கழித்துவிடுங்கள்.

வினை நடக்கவில்லை என்றால் முதலில் ஆன்டிபாடிக் குப்பியின் லேபிளைப் படியுங்கள். டிரிஸ் அல்லது கிளைசின் இருந்தால் அவற்றின் அமீன்களே எஸ்டரைத் தின்றுவிடும். நிலைப்படுத்தியாகப் போட்ட ஆல்புமின் இருந்தால் சாயத்தில் பெரும்பகுதி அதில் ஏறும். பதப்பொருளாகச் சோடியம் அசைடு இருந்தால் இன்னொரு ஆபத்து: அது சிங்லெட் ஆக்சிஜனை அணைக்கும் பொருள். நல்ல கான்ஜுகேட் கையில் இருந்தும் ஒளிச் சோதனை தோற்றுப்போகும். பாஸ்பேட் பஃபருக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எஸ்டர் தண்ணீரில் தானாகவும் சிதையும், பிஎச் ஏற ஏற வேகமாக. ஆகவே கரைத்த எஸ்டரை மிச்சம் வைத்து நாளைக்குப் பயன்படுத்தாதீர்கள். கடைசியாக புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓடவிட்டு ஒளிர்வைப் பாருங்கள். ஜெல்லின் முன்முனையில் பட்டை தெரிந்தால் தனிச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பத்தி அதைப் பிடிக்கவில்லை.

முழு ஆன்டிபாடி 150 கிலோடால்டன், கட்டிக்குள் மெதுவாகத்தான் பரவும், ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றும். சுமார் 15 கிலோடால்டன் எடையுள்ள நானோபாடி என்ற சிறு ஆன்டிபாடித் துண்டு சில மணி நேரத்தில் பரவி, மிச்சம் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். ஒரே நாளில் மருந்தும் ஒளியும் கொடுக்க வேண்டிய சூழலில் அதுவே மேல். ஆனால் பிடியில் தங்கும் நேரம் குறைவு, ஒளியைத் தள்ளிப்போட முடியாது.

ஏற்பியைத் தேர்ந்தெடுக்கும்போது அது செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறதா, மேலேயே நிற்கிறதா என்று கேளுங்கள். சிங்லெட் ஆக்சிஜனை நம்பும் சாயத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவில் பிறப்பது பலன் அதிகம், டிரைஃபீனைல்பாஸ்போனியம் குழுவைக் கோர்த்தால் அங்கே போகும். ஆனால் அது எல்லாச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் போகும். ஃபோலேட் வழியாக நுழைந்தது செல்லின் உள்ளிழுப்புப் பையான எண்டோசோமில், பிறகு செரிப்புப் பையான லைசோசோமில் போய் அடையும். அங்கிருந்து கொல்ல அதிக ஒளி தேவைப்படும். நியூக்ளியஸை நான் இலக்காக வைக்கமாட்டேன், சாகாமல் தப்பிய செல்லில் மரபணுச் சேதம் மிஞ்சும்.

இலக்குத் தேடியே இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. 5-அமினோலெவுலினிக் அமிலம் கொடுத்தால் செல் தன் ஹீம் தயாரிப்புப் பாதையிலேயே புரோட்டோபோர்ஃபிரின் 9 செய்துகொள்கிறது, பல புற்றுச் செல்களில் அது தேங்கி நிற்கிறது. செல்லின் சொந்த வளர்சிதை மாற்றமே இலக்கு. தோல் மேற்பரப்புப் புண்களுக்கும், மூளைக்கட்டி அறுவையில் கட்டியின் எல்லையைப் பார்க்கவும் பயன்படுகிறது.

இன்னொரு தந்திரம், பயண வழியில் சாயத்தை அணைத்தே வைப்பது. பக்கத்தில் பிஎச்கியூ-3 போன்ற அணைப்பானைக் கட்டி, இரண்டுக்கும் நடுவில் கேதெப்சின் பி அல்லது எம்எம்பி-2 என்ற நொதி வெட்டக்கூடிய பெப்டைடை வைக்கிறார்கள். நொதியும் ஒளியும் சேர்ந்தால்தான் வேலை, இரண்டு சாவி போட்டுத் திறக்கும் லாக்கர் போல. எழுத நன்றாக இருக்கிறது, செய்யும்போது கசிவு இருக்கிறது. அணைப்பு முழுமையாக இராது. அணைப்பான் ஒளியில் வெளுத்துப்போனால் சாயம் தன்னாலேயே விழித்துக்கொள்ளும். கேதெப்சின் கல்லீரலிலும் வீங்கிய திசுவிலும் தாராளமாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் சிங்லெட் ஆக்சிஜன் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளந்து சொல்லாத வரை அந்த வடிவமைப்பை நம்ப வேண்டாம். ஒளிர்வு கூடியது என்று மட்டும் காட்டினால் போதாது, இரண்டும் சேர்ந்தே ஏறும் என்று கட்டாயமில்லை.

ஒளிச் சோதனையின் கணக்கு எளிது: சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட், 1000 வினாடி, ஆக 10 ஜூல். தவறுவது வேறு இடத்தில். 660 எல்இடி வாங்கி 690-இல் உறிஞ்சும் சாயத்துக்கு அடித்தால், காகிதத்தில் 10 ஜூல், சாயம் வாங்கியது அதில் சிறு பங்கு. விளக்கின் நிறமாலையையும் சாயத்தின் நிறமாலையையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். சக்தியைக் குழியின் உயரத்தில் அளக்க வேண்டும், மேசை மேல் அல்ல. மூடியில் நீர்த்துளி படிந்திருந்தால் ஒளி சிதறும். ஒளிக்கு முன் செல்களைக் கழுவுங்கள், இல்லையென்றால் ஊடகத்தில் மிதக்கும் சாயமும் சேர்ந்து கொல்லும். உயிரோடிருக்கும் செல்லை அளக்கும் எம்டிடி சோதனையை 24 மணி நேரம் கழித்து 570-இல் படிக்கும்போது உங்கள் சாயமும் அங்கே உறிஞ்சுகிறதா என்று கழித்துப் பார்க்க வேண்டும். இருட்டில் மருந்து, ஒளி மட்டும், இரண்டும் இல்லாதது, இரண்டும் சேர்ந்தது: இந்த நான்கும் இல்லாத தட்டை யாரும் ஏற்கக்கூடாது.

ஆக்சிஜனையும் மறக்கக்கூடாது. தட்டில் வளரும் செல்லுக்கு 21 சதவீத ஆக்சிஜன் காற்றிலிருந்து கிடைக்கிறது. கட்டிக்குள், ரத்த நாளத்திலிருந்து 100 மைக்ரோமீட்டர் தாண்டினாலே வறட்சிதான். ஒளியை வேகமாகக் கொட்டினால் இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்து, மீதி ஒளி வீண். அதே மொத்த ஜூலை மெதுவாக, அல்லது நடுவில் இருட்டு இடைவெளி விட்டுக் கொடுத்தால் ரத்தம் திரும்பக் கொண்டுவரும். எலக்ட்ரானைக் கடத்தி ரேடிக்கல் உண்டாக்கும் முதல் வகை வினையை நாடும் சாயங்கள் குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும் என்பார்கள். அப்படிச் சொல்வதென்றால் 1 சதவீத ஆக்சிஜன் பெட்டியில், கோள வடிவ செல் திரளில் காட்ட வேண்டும்.

எலியில் போகும் முன் கான்ஜுகேட்டை 37 டிகிரியில் சீரத்தில் 48 மணி நேரம் வைத்து, சாயம் கழன்று ஆல்புமினுக்குத் தாவுகிறதா என்று நிறப்பிரிகை செய்து பாருங்கள். தாவினால் எலியில் நீங்கள் பார்ப்பது ஆல்புமினோடு சுற்றும் சாதாரணச் சாயத்தின் கதை. கட்டிக்கும் தோலுக்குமான ஒளிர்வு விகிதம் எந்த மணி நேரத்தில் உச்சம் என்று பார்த்து அப்போது ஒளி கொடுங்கள். ஒரு தொடையில் ஏற்பி உள்ள கட்டி, மறு தொடையில் இல்லாத கட்டி, இரண்டுக்கும் ஒரே ஒளி. தனிச் சாயம் ஏற்றிய குழுவும், எதையும் பிடிக்காத ஆன்டிபாடியில் அதே சாயத்தை ஏற்றிய குழுவும் கூடவே இருக்க வேண்டும். கட்டிகளின் கசியும் நாளங்கள் வழியே எந்தப் பெரிய மூலக்கூறும் கொஞ்சம் தேங்கும், எலியில் அது மனிதனைவிட அதிகம். கடைசிக் குழுவிலும் கட்டி அதே அளவு கரைந்தால், வேலை செய்தது அந்தக் கசிவு, உங்கள் இலக்குத் தேடி அல்ல.